காது முளைத்த பெட்டி

சுடலைக்கண்ணுவுக்குப் பிடிக்காதவர்களைப் பட்டியல் போட்டால் தென்காசி தாலுகாவில் முக்கால்வாசி அதில் அடங்கிவிடும். சீசனுக்குக் குற்றாலம் வந்து, ரப்பர் மரத்தில் செய்து சாயம் அடித்த பெட்டியைத் தேக்கு என்று நம்பி வாங்கிப்போகிற கூட்டம் அதில் உண்டு. அதைத் தேக்கு என்று கூசாமல் விற்கிறவர்களும் உண்டு. வீட்டுக்கு நிலை வைக்க மரம் பார்க்க வந்து, மரத்தடியை விரலால் தட்டிவிட்டுத் தலையாட்டுகிற வாத்தியார்கள் உண்டு. தட்டினால் என்ன கேட்க வேண்டும் என்று அவர்களுக்கே தெரியாது. ஆனால் எல்லோருக்கும் மேலே இருப்பவர்கள் வாயாடிகள். வேலை தெரியாதவனுக்குத்தான் வாய் வேண்டும் என்பது அவர் கட்சி.

வயது ஐம்பத்துநாலு. ஊர் மேலகரம். சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளில் ஏழு பேர் போலீஸிலும் பட்டாளத்திலும் இருக்கிறார்கள். இவரும் இருபத்தொரு வயதில் போலீஸ் தேர்வுக்குப் போனவர்தான். மார்பளவில் அரை அங்குலம் குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு டேப் பிடித்தவனுக்கு அளக்கத் தெரியவில்லை என்று இன்றும் சொல்வார். சொல்ல அவருக்குத் தகுதி உண்டு. அடுத்த வருஷம் செங்கோட்டை ரோட்டில் இருக்கிற மர அறுவை மில்லில் சேர்ந்து, முப்பத்திரண்டு வருஷமாக டேப்பே இல்லாமல் வெறுங்கண்ணால் அரை அங்குலத்தைப் பிரித்துக் காட்டிவருகிறார்.

மில்லில் நடு நாயகமாக இருப்பது பட்டை ரம்பம். மேலே ஒன்று, தரைக்குள் ஒன்று என்று இரண்டு பெரிய சக்கரங்களில் மாட்டி ஓடுகிற பல் வைத்த இரும்புப் பட்டை. தண்டவாளத்தில் போகிற டிராலியில் தடியை ஏற்றி, இறுக்கி, ரம்பத்தின் வாய்க்குக் கொடுக்க வேண்டும். ரம்பத்தடியில் நின்று, எந்தப் பக்கம் எவ்வளவு கனம் என்று முடிவு செய்பவர் சுடலைக்கண்ணு. எதிரே தடுப்புப் பலகைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, லீவரைத் தள்ளியும் இழுத்தும் டிராலியை நடத்துபவர் வேல்ராஜ். இருவரும் ஒரே வயது. இருபத்தெட்டு வருஷமாக எதிரும் புதிருமாக நிற்கிற ஜோடி.

ரம்பம் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. சுடலைக்கண்ணுவின் இடது காது போய்ப் பத்து வருஷம் ஆகிறது; வலது காதும் போகிற வழியில் இருக்கிறது. அதனால் அந்தக் கொட்டகைக்குள் யாரும் வாய் திறப்பதில்லை. எல்லாம் கைதான். உள்ளங்கையை மடக்கினால் வா. சுண்டு விரலை நீட்டினால் அரை அங்குலம். கையைப் படுக்கப்போட்டு ஆட்டினால் மெதுவாக. முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து. காது மடலைத் தொட்டால் முதலாளி வருகிறார். மூக்கைத் தொட்டால் முதலாளி வாங்கியிருக்கிற மரம் உளுத்தது. இருபத்தெட்டு வருஷத்தில் முஷ்டி மேலே போய் டிராலி நிற்காத நாள் கிடையாது. சில நாள் முஷ்டி பாதி எழும்புவதற்குள்ளேயே நின்றுவிடும். அவர் தோள்பட்டை அசைவிலேயே வேல்ராஜுக்குத் தெரியும்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் தொற்றிவிட்டது. சாப்பிடும்போது குழம்பு வேண்டுமென்றால் சுண்டு விரலை நீட்டுவார். அவர் மனைவி மாடத்தி, மரத்தை அறுத்து அறுத்து மனுஷன் மரமாகவே ஆகிவிட்டார் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்வாள்.

பழைய முதலாளி குத்தாலிங்கம் பிள்ளை இருந்தவரை எல்லாம் சரியாகப் போயிற்று. அவரும் பேசமாட்டார். அவர் படுக்கையில் விழுந்ததும், பெங்களூரில் பதினோரு வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்த மகன் விஜயசங்கர் வந்து சேர்ந்தார். வந்ததும் செய்த முதல் காரியம், வாசல் போர்டை இறக்கிவிட்டு ‘டிம்பர் சொல்யூஷன்ஸ்’ என்று புதுப் போர்டு ஏற்றியது. இரண்டாவது காரியம், திங்கட்கிழமை காலையில் பதினான்கு பேரையும் வட்டமாக நிற்கவைத்து, இந்த வாரம் என்ன சாதிக்கப் போகிறோம் என்று ஒவ்வொருவரையும் கேட்டது. மரம் அறுக்கப்போகிறோம் என்று பதினான்கு பேரும் சொன்னார்கள். அத்தோடு அந்த வட்டம் கலைந்தது.

மூன்றாவது காரியம்தான் பெட்டி.

சாப்பாட்டுத் தூக்கு அளவில் கறுப்பாக ஒரு பெட்டி. கூடவே தலையில் மாட்டுகிற ஒன்று. அதிலிருந்து ஒரு பட்டை வந்து தொண்டையில் ஒட்டி நிற்கும். அதை மாட்டிக்கொண்டு ‘முன்னால’ என்றால் டிராலி முன்னால் போகும், ‘பின்னால’ என்றால் பின்னால் வரும், ‘மெதுவா’ என்றால் மெதுவாகும், ‘நில்லு’ என்றால் நிற்கும். கொட்டகைத் தகரத்துக்குக் கீழே செல்போனுக்கு ஒரு கோடுகூட சிக்னல் கிடைக்காதே என்று மேனேஜர் சந்தேகம் கேட்டதற்கு, இதற்கு நெட்டே வேண்டாம், கேட்பதும் புரிந்துகொள்வதும் எல்லாம் பெட்டிக்குள்ளேயேதான் என்று விஜயசங்கர் விளக்கினார். ஏதோ அவரே முட்டையிட்டு அடைகாத்துப் பொரித்த மாதிரி ஒரு பூரிப்பு.

“அண்ணாச்சி, இனிமே நீங்க கையக் காட்டவே வேண்டாம். வாயால சொன்னாப் போதும். ஒரே ஆளு, ரெண்டு ஆளு வேல.”

“அப்ப அந்த ரெண்டாவது ஆளு?” என்று சுடலைக்கண்ணு கேட்டார். அன்று அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

வேல்ராஜுக்குத் தடி அடுக்குகிற வேலை கொடுத்துவிடலாம் என்று விஜயசங்கர் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னால் வேங்கைத் தடி ஒன்று உருண்டு வந்து வேல்ராஜின் முழங்காலை நசுக்கியதும், அன்றிலிருந்து அவரால் பத்து கிலோவைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடக்க முடியாது என்பதும் புது முதலாளிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அப்போது அவர் பெங்களூரில் வட்டமாக நின்றுகொண்டிருந்தார். வேல்ராஜுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஸ்டூலும் லீவரும் மட்டும்தான். தடி அடுக்கப் போ என்பதும் வீட்டுக்குப் போ என்பதும் அவருக்கு ஒன்றே.

பெட்டியைப் பொருத்திக் கொடுக்க வந்தவள் நாகர்கோவிலைச் சேர்ந்த ரூபி. இருபத்தாறு வயது இருக்கும். சுடலைக்கண்ணு அவளையும் பட்டியலில் சேர்க்கத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் அவள் இரண்டு நாள் ஒரு வார்த்தை பேசாமல், ரம்பத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் வந்து, நீங்க யாருமே இங்க பேசுறதே இல்லையே அண்ணே, அப்ப இதுகிட்ட மட்டும் எப்படிப் பேசுவீங்க என்று கேட்டாள். அதுவரை அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றவில்லை. முதலாளிக்குத் தோன்றாததில் ஆச்சரியமில்லை. லீவரும் இருக்கட்டும், பெட்டியும் இருக்கட்டும், ஆறு மாசம் பார்க்கலாம் என்றும் அவள் சொன்னாள். இரண்டும் இருந்தால் இவர்கள் பெட்டியைத் தொடவே மாட்டார்கள் என்று விஜயசங்கர் லீவரைக் கழற்றச் சொல்லிவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் அவர் கணக்குச் சரி.

பிறகு பெட்டிக்குக் குரல் பழக்குகிற வைபவம். ஆபீஸ் அறையில் சுடலைக்கண்ணுவை உட்காரவைத்து, நாலு வார்த்தையை நானூறு தடவை சொல்லச் சொன்னார்கள். உரக்க, மெல்ல, மூச்சு வாங்கி, இருமிக்கொண்டு. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதுகூட அவருக்கு இவ்வளவு அவமானம் ஏற்பட்டதில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று வேல்ராஜ் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டின்போது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “என்னலே, ஒம் பொண்டாட்டி கூட இம்புட்டுப் பேசியிருப்பியா?” என்றார். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

“வெள்ளிக்கிழம அவுக வீடியோ எடுக்காக. சரியா ஓடிட்டுன்னா திங்கட்கிழம நான் அங்கன தடி அடுக்க முற்றத்துக்குப் போவணுமாம்” என்றார் வேல்ராஜ்.

“ஓடாது” என்றார் சுடலைக்கண்ணு.

“ஓடுதுலே. நேத்து அந்தப் பிள்ள சொன்னப்ப ஓடுச்சில்லா.”

அதுதான் சுடலைக்கண்ணுவைத் தூங்கவிடாத விஷயம். அந்தப் பெட்டி முட்டாளாக இருந்திருந்தால் அவருக்குக் கவலையே இல்லை. முட்டாள்களைச் சமாளித்து அவருக்குப் பழக்கம். இது சொன்னதைக் கேட்டது. ரம்பம் அலறும்போதும் கேட்டது. முதலாளி சொன்னாலும் கேட்டது. ஒரு தடவை விஜயசங்கர் தலையில் மாட்டிக்கொண்டு காலி டிராலியை நாலு தரம் முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, தானே மரம் அறுத்த மாதிரி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போனபிறகு சுடலைக்கண்ணு முற்றத்தில் தடிகளுக்கு நடுவே நடந்தார். சுந்தரபாண்டியபுரம் ரோட்டை அகலப்படுத்தும்போது வெட்டிய வேம்பு ஒன்று அங்கே கிடந்தது. மாடன் சாமி பீடத்துக்குப் பக்கத்தில் நின்ற மரம். பேய் பிடித்தவர்களைக் கூட்டிவந்து, உச்சி முடியில் ஒரு கொத்தைச் சுற்றி ஆணியோடு அதில் அடித்துவிட்டுப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். பேய் மரத்தோடு நின்றுவிடும். ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வருஷங்கள் போகப் போக மரம் பட்டை வளர்த்து ஆணியை விழுங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. வெட்டிய முகத்தில் மட்டும், மை ஊறின மாதிரி நீலக் கறுப்பில் ஒரு கறை இருக்கும். இரும்பு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். ஓடுகிற ரம்பம் ஆணியைக் கடித்தால் பல் தெறிக்கும். நேரம் கெட்டுப்போனால் பட்டையே அறுந்து சாட்டை மாதிரி வெளியே பாயும்.

அதனால் மில்லில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கறையைப் பார்ப்பது யாராக இருந்தாலும் சாக்பீஸால் தடியின் முகத்தில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். குறி உள்ள தடியை உளியால் தோண்டி, ஆணியை எடுத்தபிறகுதான் டிராலியில் ஏற்றலாம். முப்பத்திரண்டு வருஷத்தில் அந்தக் குறியை யாரும் மீறியதில்லை. குத்தாலிங்கம் பிள்ளையே மீறியதில்லை.

அந்த வேம்பில் குறி இருந்தது. போட்டது வேல்ராஜ். அவருடைய குறி எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

சுடலைக்கண்ணு தோளில் கிடந்த துண்டை எடுத்து, எச்சில் தொட்டு, அதை அழித்தார். ஈர மண்ணை எடுத்துக் கறையின் மேல் பூசினார். குறி போய்விட்டால் ஆணி எடுத்தாயிற்று என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

அவர் திட்டம் எளிது. நாளைக்கு இதே தடியை ஏற்றுவார். ஆணி ரம்பத்தைத் தொடும்போது வழக்கம்போல முஷ்டியைத் தூக்குவார். வாயைத் திறக்கமாட்டார். எதிரே லீவரும் இல்லை, ஆளும் இல்லை. பெட்டிக்குக் காதுதானே இருக்கிறது, கண் இல்லையே. டிராலி அது பாட்டுக்குப் போகும், பல் போகும், ரம்பம் போகும். காமிராவுக்கு முன்னாலேயே போகும். கை பேசுகிற இடத்தில் காதைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என்று பெங்களூர் படிப்புக்குப் புரியும். திங்கட்கிழமை வேல்ராஜ் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ரம்பம் அறுந்தால் பாய்கிற திசை சுடலைக்கண்ணுவுக்குத் தெரியும். அந்தப் பக்கம் யாரும் நிற்பதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. விஜயசங்கர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். வெளிச்சம் போதவில்லை, இந்தக் கோணம் சரியில்லை, பின்னால் குப்பை தெரிகிறது என்று அரை மணி நேரம் நாடகம் நடந்தது. கடைசியில் செல்போனைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. சும்மா நின்றுகொண்டிருந்த ஒரே ஆள் வேல்ராஜ். தன் இடத்தைப் பறிக்கிற பெட்டியைத் தானே படம் பிடிக்கிற பாக்கியம் அவருக்குக் கிடைத்தது. விஜயசங்கர் அவரை ரம்பத்துக்கு நேராக, சுவரோரமாக நிற்கச் சொன்னார். அங்கே யாரும் நிற்கக் கூடாது என்று வேல்ராஜ் சொல்லிப் பார்த்தார். இரண்டு நிமிஷம்தானே என்றார் முதலாளி. பெட்டி வந்த நாளிலிருந்து வேல்ராஜுக்கு வாதம் செய்கிற தெம்பு போயிருந்தது. போய் நின்றார்.

சுடலைக்கண்ணு அதைப் பார்த்தார். தடி டிராலியில் ஏறி, இறுக்கி, தயாராக இருந்தது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். கறை ஓடுகிற விதத்தை வைத்து அவர் போட்ட கணக்கில் ஆணி ஏழாவது அடியில்தான் இருக்கிறது, அதற்குள் முதலாளி வேறு கோணம் கேட்பார், வேல்ராஜ் நகர்ந்துவிடுவார் என்று நினைத்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் தோற்பதா என்றும் நினைத்தார். ‘முன்னால’ என்றார்.

தடி நகர்ந்தது. ஒரு அடி, இரண்டு அடி. வேம்பின் கசப்பு வாடை எழுந்தது. தூள் பறந்தது. ரூபி பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஜயசங்கர் வேல்ராஜைப் பார்த்து, ஆடாமல் பிடி என்று கையால் சொன்னார். அவருக்கே தெரியாமல் அவரும் கையால்தான் பேசினார். ஐந்தாவது அடி போயிற்று. வேல்ராஜ் நகரவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு செல்போன் திரைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது அடியில், ரம்பத்தின் குரல் மாறியது. செவிடான காதிலும் விழுகிற குரல் அது. பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு கீச்சு, பிறகு பொறி. சுடலைக்கண்ணுவின் முஷ்டி தானாக மேலே போனது. திரையில் அதைக் கண்ட வேல்ராஜின் வலது கை செல்போனை விட்டுவிட்டு, இல்லாத லீவரைப் பிடித்துக் காற்றில் இழுத்தது. கால்கள் அங்கேயே நின்றன. பட்டை நடுங்குவதைச் சுடலைக்கண்ணு பார்த்தார். அது அறுந்தால் எங்கே போய் விழும் என்றும் பார்த்தார்.

“நில்லு” என்று கத்தினார். “பின்னால. பின்னால.”

டிராலி நின்றது. கண் இமைக்கிற நேரம்கூட எடுக்காமல் நின்று, பின்னால் வந்தது. ரூபி ஓடிப்போய் ரம்பத்தின் மின்சாரத்தை அணைத்தாள். சக்கரங்கள் சுற்றி ஓய்ந்தன. பட்டையில் நாலு பல் போயிருந்தது; அவ்வளவுதான்.

பிறகு விஜயசங்கர் கை தட்டினார். மேனேஜர் தட்டினார். முதலாளி தட்டும்போது தட்டாமல் இருக்க முடியாதவர்கள் எல்லோரும் தட்டினார்கள். கீழே விழுந்த செல்போன் படத்தை விட்டுவிட்டாலும் குரலை விடவில்லை. கத்தலும் டிராலி நிற்கிற சத்தமும் தெளிவாகப் பதிவாகியிருந்தன. மத்தியானத்துக்குள் அது விஜயசங்கரின் ஸ்டேட்டஸில் ஏறி, துபாயிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் இதயங்கள் வந்துவிட்டன. அங்கேயெல்லாம் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஊரில் ஒரு பெட்டி தமிழ் கேட்கிறது என்றால் தாங்காது, கண் கலங்கிவிடுகிறது. ரூபிக்கு மட்டும் முகம் வெளுத்திருந்தது. அந்தத் தடியை ஏற்றுமுன் யாரும் பார்க்கவில்லையா என்று அவள் இரண்டு பேரிடம் கேட்டாள். வெற்றி நாளில் அதையெல்லாம் யார் காதில் வாங்குவார்கள்.

வேல்ராஜ் திங்கட்கிழமையிலிருந்து முற்றத்துக்கு என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் சுடலைக்கண்ணு ஆபீஸ் வாசலில் போய் நின்றார். முப்பத்திரண்டு வருஷத்தில் அழைக்காமல் அவர் அங்கே போனது அதுதான் முதல் தடவை. அந்தத் தடியில் ஆணி இருப்பது தனக்கு முன்பே தெரியும், குறியை அழித்தது தான்தான், பெட்டியைச் சிக்கவைக்கத்தான் அப்படிச் செய்தது, தப்பு தன்னுடையது, வேண்டுமானால் தன்னை முற்றத்துக்கு அனுப்பிவிட்டு லீவரைத் திரும்பப் போட்டு வேல்ராஜை உட்காரவையுங்கள் என்று சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் எப்போதும் பேசியதில்லை. பாதியிலேயே மூச்சு வாங்கியது.

திட்டு விழும், போலீஸ்கூட வரலாம் என்று எதிர்பார்த்தார். விஜயசங்கர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். முகம் மலர்ந்திருந்தது.

“அப்ப நீங்க வேணும்னே கவுக்கப் பாத்தும் அது கவுழல. இதவிட என்ன டெஸ்ட் வேணும் அண்ணாச்சி? இத அப்படியே காமிரா முன்னால ஒரு தரம் சொல்லுவியளா?”

மனுஷனுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபம் வருவதற்கு ரம்பம் என்றால் என்ன, ஆணி என்றால் என்ன என்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். சுடலைக்கண்ணு திரும்பினார்.

பின்னால் வேல்ராஜ் நின்றிருந்தார். லாக்கர் சாவியைக் கொடுக்க வந்தவர். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்பது மட்டும் தெரிந்தது.

இரண்டு பேரும் கொட்டகை ஓரமாக வெளியே வந்தார்கள். வேல்ராஜ் காலை இழுத்து இழுத்து நடந்தார். ஒனக்காகத்தாம்லே செஞ்சேன் என்று சுடலைக்கண்ணு சொன்னார். அந்தப் பக்கம் நீ நிப்பன்னு நான் நெனைக்கல என்றார். மில்லை விட்டுப் போய்விடாதே, ரூபியிடம் பேசலாம், அந்தப் பிள்ளைக்கு லீவரை எடுப்பதில் இஷ்டமில்லை, பழைய முதலாளியின் காலில் போய் விழலாம் என்றார். பேசாத மனுஷன் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது போல.

வேல்ராஜ் கேட்டு முடித்தார்.

“லீவரத் திருப்பிப் போட்டாலும் நான் வரல அண்ணாச்சி” என்றார். “நான் போட்ட குறிய நீங்க அழிச்சிட்டிய. நாளைக்கு நீங்க கையத் தூக்கினா, எதுக்குத் தூக்குதியன்னு எனக்கு யோசிக்கத் தோணும். யோசிச்சுக்கிட்டு அந்த ஸ்டூல்ல உக்கார முடியாது.”

ஒரே வயதுக்காரரை அவர் அண்ணாச்சி என்றதும், நீங்க என்றதும் சுடலைக்கண்ணுவின் நல்ல காதில்தான் விழுந்தன.

வேல்ராஜ் சாவியை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு, மில் கேட்டுக்கு வெளியே வந்த இலஞ்சி மினி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து ஏறினார். பிறகு அவர் மில் பக்கம் வரவில்லை. வீரகேரளம்புதூரில் மருமகன் வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

திங்கட்கிழமை சுடலைக்கண்ணு பட்டையைத் தொண்டையில் மாட்டிக்கொண்டு ரம்பத்தடியில் நின்றார். நாலு வார்த்தையும் சொன்னார். பெட்டி நாலையும் கேட்டது. ஒரு சந்தேகமும் இல்லாமல், உடனுக்குடன், அவர் சொன்னதையெல்லாம் நம்பியது.